வாசலில் நின்ற அண்ணன்

பாங்காக்கில் ஏறி இறங்கிய பள்ளிகளெல்லாம் ஆங்கிலம் கற்பிக்க வெள்ளைக்காரர்தான் வேண்டும் என்று கைவிரித்துவிட்டன. ரோவேனாவுக்கும் அவள் கணவன் ஆர்னெலுக்கும் சுற்றுலா விசா நாளையோடு முடிகிறது. இன்று வந்திருக்கும் இந்தப் பள்ளியும் இல்லையென்றால், பிலிப்பைன்ஸில், சொந்த ஊரான இலோயிலோவில் அக்காவிடம் விட்டுவந்த மகள் முன்னால் வெறுங்கையோடு போய் நிற்க வேண்டும்.

மாதிரி வகுப்பில் பிள்ளைகள் அவளோடு சேர்ந்து கைதட்டிப் பாடினார்கள். தலைமையாசிரியைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"கல்யாணம் ஆகாதவங்களைத்தான் நாங்க எடுப்போம். ஆமா, வாசல்ல குடையோட நிக்கிறாரே, அவர் யாரு?"

ரோவேனா ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள். கல்யாண மோதிரத்தைக் காலையிலேயே கழற்றி ஆர்னெலின் சட்டைப்பையில் போட்டிருந்தாள்.

"எங்க அண்ணன்."

"அப்ப சரி. விசாவை நாங்க பாத்துக்கறோம். திங்கட்கிழமை வந்துடுங்க, இங்கேயே தங்கிக்கலாம்."

அவள் வெளியே ஓடிவந்தாள். முகத்தைப் பார்த்ததுமே ஆர்னெல் கைகளை விரித்தான்.

"கட்டிக்காத! ஜன்னல்லேருந்து பாக்குறாங்க. நீ என் அண்ணன்னு சொல்லிட்டேன்."

விரித்த கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு ஒரு கை மெல்ல இறங்கி அவள் தலையில் தட்டியது.

"அடிப்பாவி, பிள்ளையும் பெத்துட்டு அண்ணனா? சரி, அழாத தங்கச்சி. நான் நாளைக்கு ஊருக்குப் போய்ப் பாப்பாவைப் பாத்துக்கறேன்."

மதில் முடியும்வரை தள்ளித் தள்ளியே நடந்தார்கள். தெரு திரும்பியதும் அவள் கையை நீட்டினாள்.

"மோதிரத்தைக் குடு."

"என்கிட்டயே இருக்கட்டும்," என்றான் ஆர்னெல். "பழக்கத்துல திங்கட்கிழமை போட்டுட்டுப் போயிடப் போறே."