கரண்டி படாத கொப்பரை

லோவாஸ் அம்ப்ருஷ் முப்பது வருடமாக மீன் சூப் வைக்கிறார். அவருடைய கொப்பரைக்குள் இதுவரை ஒரு கரண்டி இறங்கியதில்லை. ஹங்கேரியில் அவர் இருக்கும் பயா நகரத்தில் யாருமே இறக்கமாட்டார்கள். கெண்டை மீன், வெங்காயம், தண்ணீர், கொதி வந்ததும் கை நிறைய மிளகாய்த்தூள். அப்புறம் அவ்வப்போது கொப்பரையின் பிடியைப் பற்றி இப்படியும் அப்படியும் ஒரு ஆட்டு ஆட்டிவிடுவதோடு சரி. கிண்டினால் மீன் உடையும், உடைந்தால் முள்ளெல்லாம் சூப்பில் கலந்துவிடும். ஒரு வருடம் எங்கிருந்தோ வந்த பெரிய மனிதர் ஒருவர், லேசாகக் கலக்கிவிடலாமே என்று கையை நீட்டினார். அம்ப்ருஷ் கேட்ட கேள்வியில் அவர் கழற்றிவைத்த கோட்டைக்கூட எடுக்காமல் கிளம்பிப் போனார்.

இப்பேர்ப்பட்ட மனிதரை நம்பித்தான் அவருடைய மகள் நொயேமி தன் வேலையையே பணயம் வைத்திருந்தாள்.

புடாபெஸ்டில் அவள் வேலை பார்க்கிற அலுவலகத்துக்கு ஒரே வேலை, ஹங்கேரியைப் பற்றி உலகத்துக்கு நல்ல எண்ணம் உண்டாக்குவது. அதற்கு அவர்களுக்குத் தெரிந்த வழிகள் கொஞ்சம்தான். சாட்டை சொடுக்கும் குதிரைக்காரன், பூப்போட்ட பாவாடை, சரம் சரமாகத் தொங்கும் சிவப்பு மிளகாய். இவை தீர்ந்துபோனால், உலகத்தில் யாராவது புகழ்பெற்றவரைப் பிடித்து, அவருடைய பாட்டி நம் ஊர்க்காரிதான் என்று ஓர் அறிக்கை விடுவார்கள். நொயேமிக்கு இதெல்லாம் அலுத்துவிட்டது. வேஷம் போடாத ஒரு ஆளைக் காட்டுங்கள், அவர் வீட்டில் சமைப்பதைக் காட்டுங்கள் என்று இரண்டு வருடம் மேலதிகாரியின் காதில் ஓதினாள். கடைசியில் அவர் இறங்கிவந்தார். போர்ச்சுகல்லைச் சேர்ந்த கிராஸா என்ற அம்மாள் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்துகிறார், நாற்பது நாடுகளில் பார்க்கிறார்கள். அவர் ஒரே ஒரு நாள் வருவார். படம் நன்றாக அமைந்தால் நொயேமியின் பிரிவு பிழைக்கும். இல்லாவிட்டால் பிரிவை மூடிவிட்டு அவளைத் தபாலுக்கு முத்திரை குத்தும் மேஜைக்கு அனுப்புவார்கள்.

அனுமதியோடு மேலதிகாரி ஒரு கரண்டியையும் கொடுத்தனுப்பியிருந்தார். கை நீளத்துக்கு மரக்கரண்டி, பிடி முழுக்கச் செதுக்கிய துலிப் பூக்கள். கிண்டுவது படத்தில் அழகாக வருமாம். நொயேமி அதைக் காரின் பின்னால் போட்டு ஒரு போர்வையால் மூடிவைத்தாள்.

பயாவில் ஜூலை மாத மீன் சூப் திருவிழா நாள். சதுக்கம் முழுக்க வரிசையாகக் கொப்பரைகள், ஒவ்வொன்றின் கீழும் விறகு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குடும்பம். ஊரே புகைக்குள் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, இன்னைக்கு யாரையும் திட்டக் கூடாது" என்றாள் நொயேமி.

"நான் யாரைடீ திட்டினேன்? கொப்பரைகிட்ட வராதவரைக்கும் நான் தங்கமான மனுஷன்."

பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த யெனோ மாமா இதைக் கேட்டுச் சிரித்தார். அம்ப்ருஷின் தங்கையைக் கட்டியவர், செகெட் ஊர்க்காரர். அந்த ஊரில் மீனைச் சல்லடையில் தேய்த்து வடிகட்டுவார்கள், சேமியா போடமாட்டார்கள். பயாவில் சேமியா இல்லாத சூப் சூப்பே இல்லை. இந்த வழக்கு அந்தக் குடும்பத்தில் கல்யாணத்தன்று தொடங்கி இன்னும் தீர்ப்பாகவில்லை. மாமா ஒவ்வொரு வருடமும் தவறாமல் வந்து, ஆஸ்பத்திரிக் கஞ்சி என்று திட்டிக்கொண்டே மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டுப் போவார்.

கிராஸா வந்த பத்தாவது நிமிடம் வீட்டு மனுஷி ஆகிவிட்டார். பருத்த உடம்பு, உரத்த சிரிப்பு. யாரும் கேட்காமலே கத்தியை எடுத்து வெங்காயம் அரிந்தார், கண்ணீர் வழிந்தபோது அம்ப்ருஷ் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். ஒருவர் பேசுவது மற்றவருக்கு ஒரு சொல்கூடப் புரியாது, ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. மனிதர் சோடா கலந்த ஒயினைத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்ததைப் பார்த்து நொயேமிக்கு உயிர் வந்தது. அந்த நிம்மதியில்தான் அவள் கோட்டை விட்டாள். கிண்டக் கூடாது என்பதை அந்த அம்மாளிடம் சொல்லவே இல்லை. கரண்டியே கண்ணில் படாதபோது எதற்குச் சொல்வது என்று நினைத்துவிட்டாள்.

வெயில் ஏறியது. கிராஸா தன் தொப்பியை எடுக்க நொயேமியின் காருக்குப் போனார். நொயேமி படம்பிடிப்பவர்களோடு வெளிச்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், அம்ப்ருஷ் விறகு எடுக்கப் போயிருந்தார். திரும்பி வந்த கிராஸாவின் தலையில் தொப்பி, கையில் துலிப் பூக் கரண்டி. கொப்பரை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அடி பிடித்துவிடுமே என்று பதறி, சமைக்கத் தெரிந்த எந்தப் பெண்ணும் செய்வதைத்தான் அவர் செய்தார். கரண்டியை அடிவரை விட்டு நன்றாக நாலு சுற்றுச் சுற்றினார்.

பக்கத்துக் கொப்பரைக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த அமைதி அடுத்த வரிசைக்கும் அதற்கடுத்த வரிசைக்கும் போயிற்று. நொயேமி திரும்பிப் பார்த்தபோது அப்பா விறகுக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்பு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

கிராஸாவும் முட்டாள் இல்லை. சுற்றிலும் முகங்களைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா என்று நொயேமியிடம் ஆங்கிலத்தில் கேட்டார். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. நொயேமி அதை அப்பாவிடம் சொன்னாள்.

அம்ப்ருஷ் விறகைக் கீழே போட்டுவிட்டுக் கொப்பரைக்குள் எட்டிப் பார்த்தார். தலை எது, வால் எது என்று தெரியாமல் மீன் கரைந்துகிடந்தது.

"இங்க இப்படித்தான் செய்வோம்னு சொல்லு."

"அப்பா..."

"சொல்லுடீ. நல்லா சமைச்சுப் பழகின கைன்னும் சேர்த்துச் சொல்லு."

பின்னால் யாரோ தட்டை ஓசையோடு வைத்தார்கள். பயாவில் சூப்பைக் கிண்டுவார்கள் என்று நாற்பது நாடுகள் கேட்கப்போகின்றன, அதைச் சொன்னது லோவாஸ் அம்ப்ருஷ். உலகத்துக்கு நம்மைப் பற்றி உண்மையைச் சொல்வோம் என்று இரண்டு வருடம் சண்டை போட்ட நொயேமி அந்தப் பொய்யை ஆங்கிலத்தில் சொன்னாள். கிராஸாவின் முகம் மலர்ந்தது. இன்னும் இரண்டு சுற்றுக் கிண்டினார்.

சேமியாவின் மேல் சூப்பை ஊற்றித் தட்டுகள் வந்தன. கெண்டை முள் மயிரிழை மாதிரி இருக்கும், தொண்டையில் சிக்கினால் ஆளை உலுக்கிவிடும். அம்ப்ருஷ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிராஸாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மாளின் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு முள்ளாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் அடுக்கினார். கால் மணி நேரம் ஆயிற்று. எட்டு வயது வரைக்கும் நொயேமிக்கு அவர் இப்படித்தான் பொறுக்கிக் கொடுத்தார், வேறு யாருக்கும் அவர் செய்து அவள் பார்த்ததில்லை. தட்டைத் திருப்பித் தள்ளிவிட்டு, சாப்பிடுங்கள் என்று சைகை காட்டினார். கிராஸா கேமராவின் பக்கம் திரும்பவில்லை. தலையைக் குனிந்து சாப்பிட்டார். நொயேமிக்கு அப்பாவைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல் இருந்தது.

யெனோ மாமா தட்டை நீட்டிக்கொண்டு வந்தார். "மச்சான், ஒரு சல்லடை மட்டும் இருந்தா இது முழுசா எங்க ஊர் சூப் ஆயிடும்."

"வாயை மூடிட்டுச் சாப்பிடுய்யா" என்றார் அம்ப்ருஷ். அவரும் இரண்டு தட்டு சாப்பிட்டார், முள்ளைத் துப்பித் துப்பி.

செப்டம்பரில் நிகழ்ச்சி தயாராகி, சரிபார்த்து அனுப்பும்படி நொயேமியிடம் வந்தது. மேலதிகாரி தலைகால் புரியாமல் குதித்தார், கரண்டி எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது என்று. பிரிவு பிழைத்துவிட்டது. ஆனால் பயாவில் விஷயம் வேறு மாதிரி ஓடியது. சந்தையில் அப்பாவுக்குக் கரண்டி அம்ப்ருஷ் என்று பெயர் வைத்திருந்தார்கள். இருபது வருடம் பக்கத்துக் கொப்பரையில் சமைத்த சிநேகிதர், அடுத்த வருடத்துக்கு வேறு இடம் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அத்தைதான் இதையெல்லாம் சொன்னாள், அப்பா மூச்சுக்கூட விடவில்லை.

நொயேமி தொலைபேசியில் கூப்பிட்டாள். "படத்துக்குக் கீழ ஒரு வரி போட்டாப் போதும்ப்பா. இது ஊர் முறை இல்ல, விருந்தாளி மனசு நோகக் கூடாதுன்னு சொன்னதுன்னு. உங்க பேர் நிக்கும்."

"அந்தம்மா அதைப் பார்ப்பாங்களா?"

"அவங்க நிகழ்ச்சிதானேப்பா. பார்ப்பாங்க."

"அப்ப வேணாம்" என்றார் அம்ப்ருஷ்.

நொயேமி, அனுப்பவேண்டிய தாளில் திருத்தம் ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.