இதர செலவு

நிறுத்தினேனா? வரிசையில் இருந்த பதிவுகளையெல்லாம் நிறுத்தினேனா, இல்லை நிறுத்த வேண்டும் என்று நினைத்ததோடு சரியா?

தேவாலயத்தின் முன்வரிசையில் உட்கார்ந்து கொரின் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். எதிரே சவப்பெட்டிக்குள் அக்கா நரெல். போதகர் அவளுடைய கைப்பக்குவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது பின்னால் ஒரு கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. அடுத்து யாருடைய சட்டைப்பையிலோ. அப்புறம் ஜன்னலோரம். வியாழக்கிழமை காலையில் 'நரெல்லின் அடுப்படி' வலைப்பதிவிலிருந்து, முன்பே எழுதி நேரம் குறித்து வைத்த பதிவு சந்தாதாரர்களுக்குத் தானாகவே மின்னஞ்சலில் போகும். டிசம்பர் என்றால் கொளுத்தும் கோடையான மேரிபரோவில் பாதி ஊர் சந்தாதாரர்கள்.

நிறுத்தவில்லை.

அந்தப் பதிவு வரிவரியாக நினைவிருந்தது. 'இந்த வெயிலில் அடுப்புப் பக்கம் போக யாருக்கு மனசு வரும்? கிறிஸ்துமஸ் புட்டிங்கை இந்த வருஷம் நான் ஃப்ரிட்ஜிலேயே செய்துவிட்டேன்.' அந்த 'நான்' கொரின் எழுதியது. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். சமையலும் படங்களும் நரெல்லுடையவை, எழுத்து தங்கையுடையது. மாதம் பிறந்ததும் வரவு செலவைத் தளத்தில் வெளிப்படையாகப் போட்டுவிடுவார்கள். சமையல் குறிப்புகளைவிட அதற்குத்தான் வாசகர்கள் அதிகம். விளம்பர வருமானம், வாணலிக் கம்பெனி தந்தது, சர்வர் வாடகை, மின்னஞ்சல் அனுப்பும் கட்டணம், படத்துக்காக வாங்கிய எலுமிச்சம்பழம்கூட அதில் இருக்கும். கொரினின் சம்பளம் 'இதர செலவு' என்ற வரிக்குள் போய்விடும். "உன் பேரப் போட்டா நான் எழுதலன்னு தெரிஞ்சிடுமேடி" என்று நரெல் சிரித்திருந்தாள். கொரினும் கூடவே சிரித்தாள். ஆனாலும் ஒவ்வொரு மாதமும் அந்த வரி வந்ததும் கண் கொஞ்சம் நின்றுதான் நகரும்.

அரை வருஷத்துக்கு முன், குளிர்காலத்தில் நோய் தெரிந்தபோது, வாசகர்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றதும் நரெல்தான். அவள் சமைப்பதாகவே கொரின் தொடர்ந்து எழுதினாள். சூப்பே இறங்காத நாட்களில், கொரின் ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்ததும் கேட்பாள்.

"நேத்து நான் என்னடி சமைச்சேன்?"

"ஆட்டுக்கறி ரோஸ்ட்."

"நல்லா வந்துச்சா?"

"கொஞ்சம் உப்பு கம்மி."

"பொய் சொல்லாத. நான் எதுல வேணா கோட்டை விடுவேன், உப்புல விடமாட்டேன்."

அடக்கம் முடிந்து எல்லோரும் தேநீருக்காகத் தேவாலயத்தை ஒட்டிய கூடத்துக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு மிஸஸ் பாஸ்கோ போனை நீட்டினாள்.

"ஆராதனை நடக்கும்போதே வந்துச்சு, கொரின். பாவம், முன்னாடியே எழுதி வச்சிட்டுப் போயிருக்கா. நிம்மதியா சாகக்கூட விடல அந்த வேலை."

"ஆமா" என்றாள் கொரின்.

நரெல்லின் மகள் டீகன் கேக் தட்டுடன் அருகில் நின்றிருந்தாள். அம்மாவின் எழுத்து யாருடையது என்று அவளுக்கும் தெரியாது.

"ஆன்ட்டி, அப்போ அம்மா எனக்கும் ஏதாச்சும் எழுதி வச்சிருப்பாங்கல்ல?"

கடைசி வாரத்தில் நரெல் கேட்டதெல்லாம் ஐஸ் துண்டுதான். கொரின் தட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

சற்று நேரத்தில் நரெல்லின் கணவன் பிரெட் வந்தான். கக்கத்தில் லேப்டாப். டை தளர்ந்திருந்தது.

"புட்டிங் போயிடுச்சு போல."

"மறந்துட்டேன், பிரெட்."

"விடு. ஆனா இனிமே மறைக்க முடியாது. இன்னிக்கே சொல்லிடணும். அவளே சொல்ற மாதிரி. போறதுக்கு முன்னாடி எழுதி வச்ச கடிதம். இந்த மாசப் பதிவெல்லாம் முன்னாடியே எழுதி வச்சிட்டேன்னு அதுல இருக்கட்டும்."

"அவ எழுதலயே."

"அவ எதத்தான் எழுதினா?"

குத்திக்காட்டும் குரலில்லை. களைத்த குரல்.

"நான் என் பேர்ல எழுதறேன். அவ போயிட்டான்னு."

"உன்ன யாருக்குத் தெரியும், கொரின்?" அவன் சுவரில் சாய்ந்தான். "டிசம்பர்லதான் விளம்பரத்துக்கு நல்ல ரேட்டு. ஜனவரி வந்தா பாதிகூடத் தேறாது, உனக்குத் தெரியாததா? மாசம் பூரா பதிவு வந்தாத்தான் வாணலிக்காரன் பணம் தருவான். நானும் வேலைய விட்டு நிக்கிறேன். வீட்டுக் கடனுக்கு இதுதான். உன் வாடகைக்கும் இதுதான்."

உண்மை. இரவெல்லாம் அவளும் இதே கணக்கைத்தான் போட்டுப் பார்த்தாள், எப்படிப் போட்டாலும் குறைந்தது.

"டீகனுக்கும் நாலு வரி சேத்துடு. கேட்டுட்டே இருக்கா. நரெல் எப்படிச் சொல்லுவான்னு உன்னவிட யாருக்குத் தெரியும்?"

அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அவன் சொல்லி முடிப்பதற்குள் முதல் வரி வந்துவிட்டிருந்தது. நரெல்லின் குரல், நரெல்லின் இழுப்பு, நடுவில் அழவிடாத ஒரு சின்னக் கிண்டல். நன்றாகவே வந்திருந்தது. டீகன் அதை நம்புவாள். கல்யாணத்தன்று எடுத்துப் படிப்பாள். தன் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுவாள்.

பிரெட் லேப்டாப்பைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேடையில் வைத்துத் திறந்து, அவள் பக்கமாகத் திருப்பினான். கூடத்தில் யாரோ நாற்காலிகளை மடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

கொரின் கையைத் தன் உடையில் துடைத்தாள். மூடியைச் சாத்தி, லேப்டாப்பை ஃப்ரிட்ஜின் மேல் வைத்தாள். அது இருந்த இடத்தில் எச்சில் கோப்பைகள் இருந்த தட்டை இழுத்துவைத்தாள்.

"இங்க தண்ணி தெறிக்கும், பிரெட்" என்றாள்.

குழாயைத் திறந்தாள். முதல் கோப்பையின் விளிம்பில் யாருடைய உதட்டுச் சாயமோ ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் அதைத் தேய்த்தாள்.