ஆறு மணி ரவுண்டு

பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவருக்குப் பிரஷர் நூற்றெண்பதைத் தொட்டதும், டாக்டர் ஒரு மாத லீவு எழுதிக் கொடுத்தார்.

"மாத்திரை பாதி வேலைதான் சார் செய்யும். தினம் காலைல அரை மணி நேரம் பார்க்குல நடங்க. மரத்தைப் பாருங்க, குருவி சத்தம் கேளுங்க, மனசு தானா அடங்கும். அடங்கலைன்னா வேலையை விட்டுட்டு வீட்டோட இருந்துட வேண்டியதுதான்."

கேட்டதும் அதிர்ந்துபோனது அவர் மனைவிதான். போன வாரம் காய்ச்சல் என்று இரண்டு நாள் வீட்டிலிருந்தபோதே அவள் படாத பாடு பட்டிருந்தாள். பஸ் வந்த நேரம், போன நேரம் எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? பாத்திரம் துலக்க இருபத்திரண்டு நிமிஷம், அக்காவோடு போனில் நாற்பத்தோரு நிமிஷம் என்று எல்லாம் நோட்டில் ஏறியது. குளியலறைக் கதவைத் தட்டி, "பதினாலு நிமிஷம் ஆச்சு. நேத்து பதினொண்ணுதான்," என்றார். ஒரு மாதம் என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். ஆயுசுக்கும் என்றால்? தலைகீழாக நின்றாவது இந்த மனுஷனை டிப்போவுக்குத் திருப்பி அனுப்புவது என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் பார்க்குக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மகானுபாவர் இயற்கையை நாலே நிமிஷத்தில் பார்த்து முடித்தார்.

"மரம் பாத்தாச்சு. அடுத்து?"

அடுத்த நாள் நோட்டும் விசிலும் கூடவே வந்தன. வாசல் பெஞ்சில் டிப்போ திறந்தாயிற்று. நடக்க வந்த சிவப்புத் தொப்பிக்காரர் இரண்டாவது ரவுண்டில் மூன்று நிமிஷம் தாமதம். பேங்க் அம்மா புல்வெளியில் குறுக்கே புகுந்தது தனிக் குற்றம். கிளையில் இருந்த குருவியையும் விடவில்லை. "நேத்து ஆறு பத்துக்குக் கத்துச்சு, இன்னிக்கு ஆறு பதினேழு. கேக்க ஆளில்லைன்னா இப்படித்தான்."

"நிம்மதிக்கு வர்றவங்களை ஏங்க படுத்துறீங்க? நீங்க நடங்க."

"நான் நடந்தா இவங்களை யாரு பாக்குறது?"

மானம் போகிறதே என்று அன்றிலிருந்து அவரை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். என்றைக்காவது அடி வாங்கி வருவார் என்றுதான் நினைத்தாள். வாங்கவில்லை. இருபத்தாறு வருஷமாக ஒரு டிரைவர்கூட மதிக்காத விசிலுக்கு, இங்கே சிவப்புத் தொப்பிக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்து, "ஷூ கயிறு அவுந்துடுச்சு சார், அதான் லேட்டு," என்று கைகட்டி நின்றார். பேங்க் அம்மா முன்கூட்டியே லீவு சொல்லிவிட்டுப் போனாள். மனுஷனுக்கு முகம் தெளிந்தது, பசி எடுத்தது, படுத்ததும் குறட்டை வந்தது. பார்க் போக மிச்சமிருந்த இருபத்துமூன்றரை மணி நேரமும் அவளுடைய கணக்குத்தான் நோட்டில் ஏறியது. தூக்கம் போனது அவளுக்கு.

மாதக் கடைசியில் டாக்டர் கருவியைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"நூத்தி இருபது, எண்பது. மரஞ்செடியோட மகிமையைப் பாத்தீங்களா? நாளைக்கே வேலைக்குப் போலாம்."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. சர்ட்டிபிகேட்டை வாங்கிவிடும் அவசரத்தில் சட்டென்று எழுந்தாள். தலை சுற்றி, அதே நாற்காலியில் விழுந்தாள். டாக்டர் பட்டையை அவள் கையில் சுற்றினார்.

"நூத்தித் தொண்ணூறா? என்னம்மா இது, இவரைவிட மோசமா இருக்கு."

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். அவரை வேலைக்கு அனுப்புங்க, தானா சரியாயிடும்."

"அதெப்படிம்மா, உங்களைத் தனியா விடலாமா? அனுபவப்பட்ட மனுஷன் பக்கத்துலயே இருக்காரு. தினம் அவரோடவே பார்க்குக்குப் போங்க." எழுதி வைத்திருந்த சர்ட்டிபிகேட்டைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, டைம் கீப்பரிடம் திரும்பினார். "கூட இருந்து கவனிச்சுக்கணும் சார். இன்னும் ஒரு மாசம் லீவுக்கு எழுதித் தரேன்."

டைம் கீப்பர் அப்போதே நோட்டைத் திறந்துவிட்டார். பேங்க் அம்மாவுக்குக் கீழே புதிதாக ஒரு வரி.

"ஆறு மணி ரவுண்டு," என்றார். "லேட்டா வந்தா காரணம் சொல்லணும். வீட்டு ஆளுங்கறதுக்காக விட முடியாது."