கையெழுத்தில்லாத படிவம்

கணக்கு டீச்சர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

எதிரே உட்கார்ந்திருந்த துணைத் தலைமையாசிரியர் இதை எதிர்பார்க்கவில்லை. அந்தப் பருவத்தில் முப்பது ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்வையிட்டு முடித்திருந்தார். கடைசி பெஞ்சில் பத்து நிமிடம் உட்காருவார், படிவத்தில் டிக் அடிப்பார், எழுந்து போய்விடுவார். ஆசிரியர்கள் அறையில் அவருக்கு 'டிக் மாஸ்டர்' என்று பெயர். யாரும் அவரிடம் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

டீச்சரின் படிவத்தில் ஐந்துக்கு இரண்டு. கீழே ஒரே வரி: 'மாணவர் பங்கேற்பு குறைவு. மேம்படுத்தவும்.'

"என்ன பார்த்து இப்படி எழுதினீங்க? எந்தப் பிள்ளை பேசலை? நான் எங்க சறுக்கினேன்?"

"பதினேழு வருஷ சர்வீஸ் உங்களுக்கு. இதையெல்லாம் நான் வந்து சொல்லணுமா?"

"சொல்லத்தானே சார் வந்தீங்க?"

அவர் முகம் சிவந்தது. விஷயம் அன்றைக்கே தலைமையாசிரியையின் காதுக்குப் போயிற்று. அந்த அம்மாள் டீச்சரை நிற்கவைத்தே பேசினார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வரணும். இல்லேன்னா அடுத்த வருஷம் எட்டாம் வகுப்பு உங்களுக்குக் கிடையாது."

எட்டாம் வகுப்பு என்றால் கணக்கு டீச்சருக்கு உயிர். வீட்டுக்கு வந்ததும் கைப்பையை நாற்காலியில் எறிந்த வேகத்திலேயே கணவருக்குப் புரிந்துவிட்டது. அவர் தையல்காரர், வீட்டு முன்னறைதான் கடை. கதையைக் கேட்டுவிட்டு, "ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலைச்சிட்டு நிம்மதியா இரேன்," என்றார்.

"ஒருத்தர் வந்து 'சட்டை சரியில்ல, நல்லா தைங்க'ன்னு சொல்லிட்டுப் போனா என்ன பண்ணுவீங்க?"

"போக விடுவேனா? தோள் பிடிக்குதா, கை இறங்குதான்னு கேப்பேன்."

"அதைத்தான் நானும் கேட்டேன்."

அவர் தலையாட்டிக்கொண்டே தையல் மெஷினுக்குத் திரும்பினார்.

கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் டீச்சருக்குள் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. அந்த மனுஷன் எழுதியது உண்மையாக இருந்துவிட்டால்? மறுநாள் காலை மாடிப்படியில் அவரை மறித்தார்.

"ஒரு முழு பீரியட் உட்காருங்க சார். மார்க் வேண்டாம். நான் என்ன கேட்டேன், யார் பதில் சொன்னாங்க, எவ்வளவு நேரம் விட்டேன், அதை மட்டும் எழுதுங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"அப்போ என் படிவம் அப்படியே கிடக்கட்டும்."

இந்த அம்மாவை அவங்க வாயாலேயே ஒத்துக்கொள்ள வைக்கிறேன் என்ற வீம்போடுதான் வியாழக்கிழமை துணைத் தலைமையாசிரியர் வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடமும் தலை குனிந்து எழுதினார். பிள்ளைகள் வெளியேறியதும் இரண்டு பக்கங்களை நீட்டினார்.

"மொத்தம் இருபத்தேழு கேள்வி. பதினஞ்சுக்கு ஜன்னலோரம் இருக்கிற அதே நாலு பேர் பதில் சொன்னாங்க. மூணுக்கு மத்தவங்க. மீதி ஒன்பதுக்கு நீங்களே."

"நானா?"

"கேட்டுட்டு ரெண்டு விநாடி நிக்கிறீங்க. யாரும் பேசலேன்னா நீங்களே சொல்லிடுறீங்க. மூணாவது பெஞ்சுல ரெட்டைச் சடை போட்ட பொண்ணு மூணு தடவை கையைப் பாதி தூக்கி இறக்கிட்டா."

டீச்சருக்குக் கன்னம் சுட்டது. தன் வகுப்பு சுறுசுறுப்பாக ஓடுகிறது என்றுதான் இத்தனை வருடம் பெருமைப்பட்டிருந்தார். அந்த ஓட்டத்தில் ஒரு பிள்ளை விட்டுப்போவது கண்ணில் படவே இல்லை. பெஞ்சில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்தெந்தக் கேள்வி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைசியில் அந்தத் தாளில் தேதியோடு கையெழுத்திட்டார்.

துணைத் தலைமையாசிரியர் பழைய படிவத்தை மெல்ல நகர்த்தினார். "அப்போ இதுலயும் போட்டுடுங்க. நான் எழுதினது சரிதானே?"

"சரிதான் சார். ஆனா அதை வச்சுக்கிட்டு என்னால ஒரு மண்ணும் பண்ணியிருக்க முடியாது. இதை வச்சு நாளைக்கே பண்ணலாம்."

அவர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் டீச்சர் கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் ஏழு வரை எண்ணினார். ஏழு விநாடி ஒரு யுகமாக இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். ரெட்டைச் சடைக்காரி எழுந்து தப்பான பதில் ஒன்றைச் சொன்னாள். அந்தத் தப்பை வைத்தே அன்றைய பாடம் முழுக்க ஓடியது.

செய்தி ஆசிரியர்கள் அறைக்குப் போகாமல் இருக்குமா? அறிவியல் ஆசிரியர் தன் படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, "எனக்கும் ரெண்டு பக்கம் வேணும்," என்றார். அடுத்த வாரமே பதினோரு படிவங்கள் கையெழுத்தில்லாமல் திரும்பின.

தலைமையாசிரியை சொன்ன சொல் தவறவில்லை. வருடக் கடைசியில் ஒட்டிய பட்டியலில் கணக்கு டீச்சருக்கு ஆறாம் வகுப்பு. நெஞ்சு வலித்தது. ஆனாலும் நேரே தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். அந்த அம்மாள் கெஞ்சலை எதிர்பார்த்து நிமிர்ந்தார்.

"ஆறாம் வகுப்புக்கும் கணக்கு வேணும் மேடம், எடுக்கிறேன். ஆனா அங்க என்னைப் பார்க்க யார் வந்தாலும் முழு பீரியட் உட்காரணும். நீங்களே வந்தாலும்."

பதிலுக்குக் காத்திராமல் வெளியே வந்தார்.