ஃபிளெக்ஸ் தின்ற குதிரை

அன்று விடிவதற்குள் குதிரை, மாப்பிள்ளையைத் தோள் வரைக்கும் தின்று முடித்திருந்தது.

நஞ்சுண்டன் வீட்டுக்குப் பால் ஊற்ற வந்த பொற்கொடி கேனைக் கீழே வைத்துவிட்டு நன்றாகப் பார்த்தாள். ஜெனரேட்டர் கொட்டகைச் சுவரில் சாத்தியிருந்தது நஞ்சுண்டன் மகன் மோகன்குமாரின் கல்யாண ஃபிளெக்ஸ். போன தை மாதம் கொடுமுடி ரோட்டில் கம்பீரமாக நின்றது. கோட்டு போட்ட மாப்பிள்ளை வெள்ளைக் குதிரை மேல் உட்கார்ந்து சிரிப்பார். இப்போது அதே வெள்ளைக் குதிரை, படத்திலிருந்த தன் தலையைத் தின்று, மாப்பிள்ளையின் தலையையும் தின்று, மிச்சக் கோட்டை மென்றுகொண்டிருந்தது. படத்துக் குதிரை கொழுகொழுவென்று இருந்தது. மெல்லுகிற குதிரையின் தோலோ, கொடியில் போட்ட ஈர வேட்டி மாதிரி எலும்பின் மேல் தொங்கியது.

நஞ்சுண்டன் தறி குடோன் வைத்திருப்பவர். ஊரில் மரியாதையான ஆள். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் குதிரை பிடிக்கலாம் என்று யாரோ சொன்னபோது, "வாடகைக்கா? நம்ம ஊட்டுக் கல்யாணத்துக்கா?" என்று கேட்டுவிட்டு அந்தியூர்ச் சந்தையில் சொந்தமாகவே ஒன்றை வாங்கிவந்துவிட்டார். கல்யாணம் முடிந்தது. மகன் மனைவியோடு பெங்களூர் போனான். குதிரையைப் பார்த்துக்கொண்டவர் திருப்பூர் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். போக இடமில்லாத குதிரை மட்டும் கொட்டகைக்குப் பின்னால் சிமெண்ட் தரையில், நீளம் போதாத கயிற்றில் நின்றது. தறி ஓட்டுபவர்கள் நினைவு வந்தால் மிச்சச் சோற்றைப் போடுவார்கள். குளம்புகள் வெட்டுவாரில்லாமல் வளர்ந்து, நுனி மேலே சுருண்டு, ராஜா வேஷக்காரரின் செருப்பு மாதிரி ஆகிவிட்டன. நடந்தால் தடுக்கும். அதனால் அது நடப்பதையே விட்டுவிட்டது.

இது ஊருக்கே தெரியும். ஆனால் யாரும் நஞ்சுண்டனிடம் சொல்லவில்லை. அடுத்தவர் மனம் நோகப் பேசுவது அந்தப் பக்கத்தில் பெரிய குற்றம். குதிரை பட்டினி கிடப்பது அந்த அளவுக்குப் பெரிய குற்றமாக யாருக்கும் படவில்லை.

பொற்கொடி சொல்ல முயன்றாள். ஒருமுறை இரண்டு முறையல்ல. பால் ஊற்றிவிட்டு முன்வாசலுக்குப் போய், "அண்ணா, அந்தக் குதிரை..." என்று ஆரம்பிப்பாள். "குதிரைங்களா? நல்லா இருக்குதில்லீங் அம்மணி? உக்காருங்க. மயிலா, காப்பி கொண்டா" என்பார் அவர். மயிலாத்தாள் கொண்டுவரும் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, காப்பி கொடுத்தவரை எப்படிக் குறை சொல்வது? அடுத்த முறை காப்பியோடு முறுக்கு வந்தது. அதற்கடுத்த முறை ஒப்புட்டு. குதிரையைப் பற்றிச் சொல்லப் போய்ப் போய் பொற்கொடிக்கு எடை கூடியது. குதிரைக்குக் குறைந்தது.

"நீ பாட்டுக்கு எதையாச்சும் சொல்லிப்போடாத புள்ள" என்று அவள் கணவன் கதிரேசன் வேறு பயந்தான். "அவுங்க லோடு இல்லீன்னா நம்ம டெம்போ ஊட்டு முன்னால நின்னு துருதான் புடிக்கும்."

"நான் எங்கீங்க சொன்னேன்? வாயத் தொறந்தா முறுக்கக் குடுத்துப்போடறாங்க."

ஆனால் ஃபிளெக்ஸ் தின்பது வேறு விஷயம். பொற்கொடி அங்கேயே நின்று கால்நடை மருத்துவர் தாஜுன்னிசாவுக்குப் போன் போட்டாள். அவளுடைய மாடுகளுக்கு ஊசி போட வருபவர்.

"என்னது, ஃபிளெக்ஸா? எவ்வளவு தின்னிருக்கு?"

"தோள் வரைக்குங்க."

"யாரு தோள்?"

"மோகன்குமார் தோளுங்க."

அது யாரென்று டாக்டர் கேட்டுத் தெரிந்துகொண்டார். விளங்கியதும் குரல் மாறியது. "இங்க பாரும்மா, குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ள போனது வெளிய வந்தாகணும், இல்லேன்னா குடல்ல அடைச்சிக்கும். அடைச்சா செத்துடும். இன்னிக்கே பாக்கணும். ஆனா ஓனர் சொல்லாம நான் அவங்க காம்பவுண்டுக்குள்ள வந்து கை வைக்க முடியாது. நீ போய் அவர்கிட்ட பேசு."

பொற்கொடி முன்வாசலுக்குப் போனாள். கூடம் நிறைய விருந்தாளிகள். நஞ்சுண்டனின் அக்கா மகன் அழகிரிசாமி, புது வீட்டுப் புண்ணியார்ச்சனைக்கு அழைக்க பவானியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். லோடு ஏற்ற வந்த கதிரேசனும் ஓரமாக நின்றான். நஞ்சுண்டன் பின்பக்க ஜன்னலைத் திறந்து, தூரத்தில் தெரிந்த வெள்ளை முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"குதிரை எப்படி இருக்குது அழகிரி?"

"நல்லா இருக்குதுங் மாமா."

"சந்தையில அத்தன குதிரை நின்னுதுங்க. நான் கைய வெச்சது இது ஒண்ணுலதான்."

"சும்மா சொல்லக் கூடாதுங், ஜம்முனு இருக்குது" என்றாள் அழகிரியின் மனைவி. கூடத்தில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள்.

நஞ்சுண்டன் திரும்பினார். "வாங்க அம்மணி. தெனமும் பாக்கறவங்க நீங்க சொல்லுங்க. குதிரை நல்லாத்தானே இருக்குது?"

"நல்லா..." என்று பழக்கத்தில் வாய் ஆரம்பித்துவிட்டது. மயிலாத்தாள் காப்பித் தட்டோடு நெருங்கிவந்தாள். தட்டில் அதிரசம் வேறு. இதைக் கையில் வாங்கிவிட்டால் இன்றைக்கும் சொல்ல முடியாது என்று பொற்கொடிக்குத் தெரிந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நல்லா இல்லீங்ணா."

கதிரேசன் டெம்போ சாவியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"பட்டினிங்ணா. குளம்பு சுருண்டுபோயி நடக்க முடியாம நிக்குது. பசி தாங்காம உங்க பையன் கல்யாண ஃபிளெக்ஸத் தின்னுபோட்டுது. இன்னைக்கு டாக்டர் பாக்கலீன்னா செத்துப்போயிருமுங்க." ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். பிறகு, பழக்கம் விடாமல், "தப்பா நெனச்சுக்காதீங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

நஞ்சுண்டனின் முகம் சிவந்தது. "என்ன பேசறீங்க அம்மணி? இப்பத்தான் இத்தன பேரு நல்லா இருக்குதுன்னு சொன்னாங்க. ஏன் அழகிரி, நீ சொன்னியா இல்லியா?"

அழகிரி தரையைப் பார்த்தான். "சொன்னனுங் மாமா. எலும்பு தெரியறது எனக்கும் தெரிஞ்சுதுங். சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு..."

"நானும் போன நோம்பிக்கு வந்தப்பவே பாத்தனுங்க" என்றாள் அவன் மனைவி.

"லோடு ஏத்த வாரப்ப நானும் பாப்பனுங்க" என்று கதிரேசன் முணுமுணுத்தான்.

நஞ்சுண்டன் கடைசியாக மனைவியைப் பார்த்தார். மயிலாத்தாள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "தெனமும் சொல்லோணும்னுதானுங்க நெனப்பேன். நீங்க சாப்புட உக்காந்துருவீங்க. சாப்புடறப்ப எதுக்குச் சொல்றதுன்னு உட்டுருவேன்" என்றாள்.

"நான் எப்பவும் சாப்புட்டுட்டேவா இருக்கறேன்?" என்று கத்தினார் நஞ்சுண்டன். யாரும் பதில் சொல்லவில்லை. அதற்கும் மரியாதைதான் காரணம்.

எல்லாரும் பின்பக்கம் போனார்கள். நஞ்சுண்டன் கொட்டகை மூலையிலேயே நின்றுவிட்டார்.

"கிட்ட வந்து பாருங்ணா" என்றாள் பொற்கொடி.

"கடிக்குமுங்க."

அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. வாங்கிவந்த அன்றே அது அவர் வேட்டியைப் பிடித்து இழுத்திருக்கிறது. அன்று முதல் அவர் அதை ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறார். விற்றுவிடவும் நினைத்தார். விற்றால் நஞ்சுண்டன் நொடித்துப்போனான் என்று ஊர் பேசுமே என்று விட்டுவிட்டார். வருகிற எல்லாரும் நல்லா இருக்குதுங்க என்று சொல்லச் சொல்ல, நன்றாகத்தான் இருக்கிறது என்று அவரும் நம்பிக்கொண்டார். நம்புவது வசதியாகவும் இருந்தது.

இப்போது வெகு நாளைக்குப் பிறகு பக்கத்தில் பார்த்தார். குதிரை அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேட்டியை இழுக்கிற தெம்பெல்லாம் அதற்குப் போய்விட்டிருந்தது. நஞ்சுண்டன் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"டாக்டர வரச் சொல்லுங்க அம்மணி" என்றார்.

தாஜுன்னிசா வந்து, வயிற்றில் காது வைத்துக் கேட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். "இனிமே லத்திக்காகக் காத்திருக்கணும். லத்தி போட்டாத்தான் உயிர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தவர், திரும்பி வந்தார். நஞ்சுண்டன் அதற்குள் ஒரு கொள்ளு மூட்டையை அவிழ்த்து அண்டாவில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"குதிரைன்னா கொள்ளு வேணுமில்லீங்களா? இத்தன நாளுப் பட்டினிக்கும் சேத்து..."

"பட்டினி கெடந்த வயித்துக்கு இதைப் போட்டா பொழுது சாயறதுக்குள்ள செத்துடும். வயிறு சரியாகற வரைக்கும் தண்ணி மட்டும். அப்புறம் புல்லு. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. கொள்ளுப் பக்கமே போகக் கூடாது."

பசித்தவருக்கு அளந்து போடுவது நஞ்சுண்டனின் வீட்டு வழக்கத்திலேயே இல்லை. அரைமனதோடு அண்டாவை மூடினார்.

தறிகள் ஒரு பக்கம் ஓட, கொட்டகைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கூப்பிட வந்த வியாபாரிகளை, "ஐயா லத்திக்குக் காத்திருக்கறாருங்க" என்று சொல்லி மயிலாத்தாள் அனுப்பினாள். மறுநாளும் ஒன்றும் வரவில்லை. குதிரை தலையைத் தொங்கப்போட்டு நின்றது. அன்று அவர் சாப்பிடவே இல்லை என்பதை மயிலாத்தாள் பார்த்தாள்.

அதற்கடுத்த நாள் காலை பொற்கொடி பாலோடு வரும்போது அவர் மகனோடு போனில் கத்திக்கொண்டிருந்தார். "கண்ணு, உன்ற கோட்டு வெளிய வந்துருச்சு! டையும் வந்துருச்சு! மூஞ்சி மட்டுந்தான் பாக்கி!" பெங்களூரில் முக்கியமான கூட்டத்தில் இருந்த மோகன்குமார், அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து அன்றே பஸ் ஏறினான். அவன் வந்து சேர்வதற்குள் மூஞ்சியும் வந்துவிட்டது.

சிமெண்ட் தரை ஆகாது, மண் தரையும் நிழலும் வேண்டும் என்றார் டாக்டர். காலிங்கராயன் வாய்க்கால் ஓரத்தில் பொற்கொடியின் சிறு தென்னந்தோப்பு இருந்தது. கதிரேசன் டெம்போவில் வைக்கோல் பரப்பிக் குதிரையை ஏற்றினான். பின்னால் நஞ்சுண்டன் காரில் வந்தார். வழியில் டீக்கடைக்காரர், "குதிரை எங்கீங்க பொறப்பட்டுருச்சு?" என்று கேட்டார். "ஒடம்பு தேத்தறதுக்குங்க" என்றான் கதிரேசன், குற்றாலத்துக்குப் போகிறவர்களைச் சொல்வது போல.

அந்தியூர்ப் பக்கத்திலிருந்து லாடம் கட்டும் பங்காரு வந்தார். குளம்பைப் பார்த்துவிட்டு யாரையும் திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். "ஒரேயடியா வெட்டுனா கால் தாங்காதுங்க. நகம் மாதிரி, கொஞ்சங் கொஞ்சமா சரி பண்ணோணும்" என்றார். வந்து வந்து வெட்டினார். குதிரை முதலில் ஓரடி வைத்தது. பிறகு தென்னை மரம் வரைக்கும் போனது. ஒருநாள் வாய்க்கால் வரைக்கும் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் தானாகத் திரும்பி வந்தது. நஞ்சுண்டனும் அதே வேகத்தில்தான் தேறினார். முதலில் தென்னை மரத்துக்குப் பின்னால் நின்றார். பிறகு நீளமான குச்சியின் நுனியில் பிரஷ்ஷைக் கட்டி முதுகைத் தேய்த்தார். குச்சி மாதாமாதம் குட்டையானது. கடைசியில் கையாலேயே தேய்த்தார். கதிரேசனின் டெம்போவுக்கு லோடும் குறையவில்லை.

அறுவடை முடிந்த ஒரு காலையில், குதிரை அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தது. "தெம்பு வந்துருச்சு! தெம்பு வந்துருச்சு!" என்று கிழிந்த வேட்டியோடு குதித்தார்.

அப்போது தோப்புக்கு வெளியே ஒரு கார் வந்து நின்றது. அழகிரிசாமி இறங்கி வேலி ஓரத்திலேயே நின்று, "குதிரை நல்லா இருக்குதுங் மாமா! தம்பி கல்யாணத்துக்கு ஒரு நாள் குடுங்க" என்றான்.

நஞ்சுண்டன் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"கல்யாணத்துக்கெல்லாம் இது இனி வராது. அது கெடக்கட்டும். அங்க நின்னுட்டு நல்லா இருக்குதுன்னு சொல்லாத அழகிரி. கிட்ட வா. காலத் தூக்கிப் பாரு, விலாவத் தடவிப் பாரு, அப்பறஞ் சொல்லு. பெருமைக்கு ஒரு உசுர வாங்கிக் கட்டிப்போட்டது என்ற தப்பு. கண்ணால பாத்துட்டு நல்லா இருக்குதுன்னீங்களே, அது உங்க எல்லார்த்து தப்பு. அதுக்குப் பேரு மரியாதை இல்ல. ஒரு உசுரு சாவறதப் பாத்துட்டு, அடுத்தவன் மனசு நோவுமேன்னு சும்மா இருக்கறது மரியாதையே இல்ல. என்ற மனசு நோவற மாதிரி இந்த அம்மணி ஒருத்தி சொன்னாங்க. அதனாலதான் இது நிக்குது."

அழகிரி சங்கடத்தோடு உள்ளே வந்தான். காலைத் தூக்கிப் பார்த்தான். விலாவைத் தடவினான். சுற்றி வந்து, தயங்கித் தயங்கி, "பின்னங்கால் மூட்டுல லேசா வீக்கம் இருக்குதுங் மாமா" என்றான்.

பொற்கொடி ஓடிவந்து தொட்டுப் பார்த்தாள். உண்மைதான். அவளே கவனிக்கவில்லை. உடனே டாக்டருக்குப் போன் போட்டாள்.

"இதுதான் வேணும்!" என்று நஞ்சுண்டன் அவன் முதுகில் தட்டினார். "அம்மணி, இவனுக்கு ஒரு காப்பி குடுங்க."

பொற்கொடி சந்தோஷமாக எல்லாருக்கும் காப்பி கலந்து வந்தாள். அழகிரி ஒரு வாய் குடித்தான். உண்மை பேசிப் பாராட்டு வாங்கிய ருசி இன்னும் அவன் நாக்கில் இருந்தது.

"டிக்காசன் பத்தலீங்க்கா" என்றான்.

நஞ்சுண்டன் தன் டம்ளரைப் பார்த்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. இத்தன மாசமா நானும் சொல்லோணும்னுதான் இருந்தேன்" என்றார்.

பொற்கொடி திரும்பி, புல்லுக்கட்டு இறக்கிக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள். கதிரேசன் குதிரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கல்யாணமான நாள் முதலே தானும் சொல்ல நினைத்ததாகச் சொன்னான்.