சஹர் கத்தியது

1
இந்தக் கதை எனக்குப் பேரணாம்பட்டு பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் சஹர். ஆம்பூரில் ஒரு கல்லூரியில் பி.காம். நான் கதை எழுதுகிறவள் என்று தெரிந்ததும், "எங்க காலேஜ்ல ஒண்ணு நடந்துச்சு மேடம், எழுதுங்க. அழுவுற கதையா மட்டும் எழுதாதீங்க" என்றாள்.

உடனே ஆரம்பித்தேன்: நள்ளிரவு. இருண்ட கல்லூரிச் சாலையில் அவள் தன்னந்தனியாக—

எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா மேடம் நள்ளிரவு? மத்தியானம். நல்ல வெயில்."

(அடித்துவிட்டேன். பயம் என்றால் இருட்டு என்று என் கை பழகியிருக்கிறது.)

2
கல்லூரியின் பின்வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை ஒருவன் பைக்கில் தினமும் சஹரின் பின்னாலேயே வந்தான். வீட்டில் சொன்னால் படிப்பு நின்றுவிடும் என்று அவள் தோழி ஃபீபியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். (ஃபீபி சர்ச்சில் பாடுகிறவள். அந்தக் குரலை எழுத்தில் காட்ட எனக்கு வழியில்லை.)

ஒரு நாள் அவன் பைக்கைக் குறுக்கே நிறுத்தி போன் நம்பர் கேட்டான். சஹர் கூட வந்த ஃபீபியின் பின்னால் ஒதுங்கினாள். ஃபீபி ஒதுங்கவில்லை.

"அண்ணே! தினம் எங்க பின்னாடியே வர்றீங்களே, இன்னா வேணும் உங்களுக்கு?"

டீக்கடை திரும்பிப் பார்த்தது. பஸ் நிறுத்தமே திரும்பிப் பார்த்தது. அவன் பைக்கை உதைத்தான். கிளம்பவில்லை. மறுபடியும் உதைத்தான்.

"சோக் போட்டுப் பாருங்கண்ணே" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

(இது நான் சேர்த்த வரி இல்லை.)

அதற்குள் கல்லூரிக் காவலாளி வந்து சாவியை உருவிக்கொண்டார்.

3
போலீஸ் வந்தது. சஹரின் அப்பா ஹபீபுக்கும் போன் போனது. சஹருக்கு நிஜமான பயம் அப்போதுதான் தொடங்கியது. ஷூ கம்பெனியில் சூப்பர்வைசரான அவர், பாதி ஷிஃப்டில் வந்து கல்லூரி முதல்வர் அறையில் உட்கார்ந்தார்.

முடிவு அ: "படிச்சது போதும், வீட்டுக்கு வா" என்றார். (சஹர் என் பேனாவைப் பிடுங்கப் பார்த்தாள்.)

முடிவு ஆ: கண்கலங்கி மகளை அணைத்து— ("எங்கப்பாவா? நல்லா இருக்கே!")

நடந்தது:

"கத்துனது யாரு?"

"நான்தான் அங்கிள்." ஃபீபியின் குரல் அன்றுதான் முதல்முறையாகச் சன்னமாக வந்தது.

"நல்லா பண்ண மா." மகளிடம் திரும்பினார். "நீ ஏன் கத்தல?"

"குரல் வரலப்பா."

"நாளைக்கும் அதே வழியாத்தான காலேஜுக்கு வரணும்? இப்ப வருதா பாரு. கத்து."

"இங்கயா? பிரின்சிபால் மேடம் ரூம்லயா?"

முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "கத்து மா. நானும் கேக்குறேன்."

சஹர் கத்தினாள். அடுத்த கட்டடத்திலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடிவந்தார்களாம்.

"என்னன்னு கத்தின?" என்று கேட்டேன். அவள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டாள்.

4
ஆகவே கடைசி வரி என்னிடம் இல்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்களே நிரப்புங்கள். மனசுக்குள் அல்ல, வாய்விட்டு.

"........................!"