விடைபெறாதவளுக்கு ஒரு தேநீர் விருந்து

நான் ஊரைவிட்டுப் போகிறேன் என்பதே மகளிர் மன்றத்தின் நோட்டீஸ் போர்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியவந்தது. புதன்கிழமை காலை, என் பொறுப்பில் இருக்கும் மன்றத்துச் சாமான் அறையைத் திறக்கப் போனேன். கதவுக்குப் பக்கத்திலிருந்த போர்டில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'விடைபெறும் தாவரவியல் அவர்களுக்குத் தேநீர் விருந்து. வரும் வெள்ளி, மாலை நான்கு மணி. உறுப்பினர்கள் தவறாமல் வரவும்.' கீழே செயலாளரின் கையெழுத்து, அவரைப் போலவே விறைப்பாக நின்றது.

தாவரவியல் என்பது நான்தான். பல்கலைக்கழக மகளிர் மன்றத்தில் எங்கள் யாருக்கும் பெயர் கிடையாது. புருஷன் எந்தத் துறையோ அதுதான் பெயர். உடுப்பில் குத்திக்கொள்ளும் அட்டையிலும் அதையே எழுதுவார்கள். செடிக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். நான் தண்ணீர் ஊற்றினால் பிளாஸ்டிக் செடிகூட வாடிப்போகும். ஆனாலும் பதினோரு வருஷமாக நான் தாவரவியல். என் தோழி கணிதம், பள்ளியில் கணக்கில் மூன்று தடவை தோற்றவள். செயலாளர் வேதியியல். அவர் விஷயத்தில் மட்டும் பெயர் கொஞ்சம் பொருந்தும், எதிலும் ஒரு சொட்டு கூடவும் விடமாட்டார், குறையவும் விடமாட்டார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் வழக்கம் அப்படி. பல்கலைக்கழகச் செய்திமடலில் 'பணி விலகுகிறார், வேறு பல்கலைக்கழகத்தில் சேர்கிறார்' என்று ஒரு பேராசிரியரின் பெயர் வந்துவிட்டால், அடுத்த வாரமே அவர் மனைவிக்கு மன்றத்தில் தேநீர் விருந்து. ஒரு மேஜை விரிப்பில் எல்லாரும் தங்கள் துறையைத் தைத்துக் கொடுப்போம். போகிறவள் இரண்டு வார்த்தை பேசி, தன் பொறுப்பை இன்னொருத்தியிடம் ஒப்படைக்க வேண்டும். இப்படி எத்தனையோ பேரை நானே வழியனுப்பியிருக்கிறேன். ஊசி போனால் நூலும் பின்னாலேயே போகத்தானே வேண்டும்? போகிறாயா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

இந்தத் தடவை ஊசி மட்டும்தான் போகிறது. அவர் என்னை வா என்று கூப்பிடவில்லை. வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தோம். பெரிதாகச் சண்டை போட்டிருந்தாலாவது வெளியே சொல்வதற்கு ஒரு கதை இருந்திருக்கும். எங்களிடம் அதுகூட இல்லை. பேச்சு குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் அவர் வேலை மாறுவதைப் பற்றிச் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, மூச்சு வந்தது. அதை நினைத்துத்தான் பிறகு அழுதேன்.

தாளைக் கிழித்துக்கொண்டு நேரே செயலாளரிடம் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாமல் என்னைத் தடுத்தது வெட்கம் பாதி, மன்றத்தின் விதி நான்கு பாதி. அந்த விதிப்படி, பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் பெண்களும், வேலை செய்பவர்களின் மனைவிகளும் மட்டுமே மன்றத்தில் உறுப்பினர்கள். நான் வேலை பார்ப்பதோ கடைத்தெருவில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், மதியத்துக்கு மேல். ஆக, வாயைத் திறந்த நிமிஷமே நான் மன்றத்துக்கு யாரோ ஆகிவிடுவேன். யாரோ ஒருத்தியிடம் சாமான் அறை இருக்க முடியாது; வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு நாளாவது இருக்கும். அந்த அறையை விட எனக்கு மனசு வரவில்லை. புருஷனை விடுவதற்குக்கூட இவ்வளவு யோசிக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

சாமான் அறை பழைய நூலகத்துக்கு அடியில் இருக்கிறது. ஜன்னல்கள் தரை மட்டத்தில். வெளியே நடக்கிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். உள்ளே இரும்புக் கட்டில்கள், மெத்தைகள், அடுப்புகள், வாளிகள், போர்வைகள், தொட்டில்கள், மூன்று காலோடு நிற்கும் ஒரு நாற்காலி. ஆராய்ச்சி செய்ய வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள் இரண்டு பெட்டியோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு இங்கிருந்து வீட்டுச் சாமான் இரவல் போகும். கால் ஊன்றியதும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நான் நோட்டை விரித்துவைத்து எல்லாரிடமும் மூன்று கேள்வி கேட்பேன். எத்தனை பேர்? மாடியா, கீழ் வீடா? கைக்குழந்தை இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்குள் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். இந்த ஊரில் அதுவரை அவர்களை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அன்று பத்து மணிக்குக் கணிதம் வந்தாள், கையில் புது நோட்டோடு. அறையை இனி அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று செயலாளர் உத்தரவு போட்டுவிட்டாராம்.

"மெதுவா சொல்லிக் குடுங்கக்கா. எனக்கு மண்டையில ஏறணும்," என்றாள்.

தொட்டிலில் ஆணி கழலும் இடத்தைக் காட்டினேன். எந்த அடுப்பைத் தட்டினால்தான் எரியும், எந்தப் போர்வையை வெயிலில் போடாமல் கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூன்று கேள்விகளையும் அவள் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது அவள் குரல் கம்மிப் போயிருந்தது.

"நீங்க போயிட்டா நான் யாரோட சண்டை போடுவேன்?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. மென்று முழுங்கிவிட்டு, "ஆள் கிடைப்பாங்க, உன் வாய்க்கு என்ன குறைச்சல்," என்றேன். சிரித்தோம். அன்றைக்கும் அறையை நானே பூட்டினேன்.

வீட்டில் அவர் புத்தகங்களை அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். "டேப் எங்க?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அன்றைய பேச்சு அவ்வளவுதான். பல்கலைக்கழகக் குடியிருப்பு என்பதால் கட்டில், மேஜை, அலமாரி எல்லாவற்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் எண் இருக்கும். மாதக் கடைசியில் எண்ணைச் சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும். எனக்கும் மகளுக்கும் சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறைகள் பார்த்துவைத்திருந்தேன். அங்கே போடுவதற்கு எங்களிடம் சொந்தமாக இருந்தது ஒரு இஸ்திரிப் பெட்டியும் என் தையல் மெஷினும்.

மகள் பள்ளியில் கடைசி வகுப்பு. என்னைவிடப் பெரியவள் மாதிரி பேசுவாள்.

"உனக்குப் பார்ட்டியாமே? எந்த ஊருக்குப் போறியாம்?"

"வாயை மூடு."

"சொல்லிடும்மா. இல்லேன்னா கேக்கையும் தின்னுட்டு, பரிசையும் வாங்கிட்டு, நிஜமாவே எங்கயாவது போயாகணும். அதுக்கப்புறம் கடைத்தெருவுல உன்னைப் பார்த்தா பேய்னு நினைச்சு ஓடுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை மன்றத்து ஹாலில் நாற்காலி போதாமல் பின்னால் சிலர் நின்றார்கள். இவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. செயலாளர் எழுந்து நான் செய்த சேவையை எண்ணிக்கை மாறாமல் சொன்னார்: பதினோரு வருஷம், இருநூற்று நாற்பது குடும்பங்கள், திரும்பி வராத சாமான் இரண்டே வாளி. பிறகு மேஜை விரிப்பைப் பிரித்து என் தோளில் போட்டார். ஓரமெல்லாம் நூலில் துறைகள். மண்ணியல் வழக்கம்போலக் கோணலாக இருந்தது. கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு இல்லை, இந்த ஊரில் இல்லாத வேறு யாருக்கோ என்று தோன்றியது. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

"நான் போகலை," என்றேன்.

யாரோ தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. செயலாளர் என் பக்கம் குனிந்தார். "என்னது? தேதி தள்ளிப் போயிடுச்சா?"

"அவர் போறாருக்கா. நானும் பொண்ணும் இங்கயேதான் இருப்போம். நாங்க பிரிஞ்சிட்டோம்."

சொல்லிவிட்டேன். கூரை அப்படியேதான் இருந்தது. செயலாளர் என் தோளில் கிடந்த விரிப்பையே பார்த்தார். பாவம், அவர் வாயில் வந்தது இதுதான்: "முப்பத்திரெண்டு பேரு தைச்சிருக்காங்களேம்மா."

பின்வரிசையில் ஒருத்தி அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். செயலாளர் சுதாரித்துக்கொண்டு, மெதுவான குரலில், "விதி நாலு..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும்கா. இனிமே நான் உறுப்பினர் இல்லை. அறைச் சாவியைக் கணிதத்துகிட்ட குடுத்துட்டேன்." நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னேன். "எனக்கு ஒரு கட்டில் வேணும். புதுசா வர்றவங்களுக்குத்தான் குடுப்போம், தெரியும். நாளைக்கு நானும் ஒரு வீட்டுக்குப் புதுசாத்தான் போறேன்."

மூன்றாவது வரிசையில் கைப்பையின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. கணிதம் எழுந்து நின்று நோட்டைப் பிரித்தாள். என்னைப் பார்க்கவில்லை, பார்த்தால் உடைந்துவிடுவாள். முதல் பக்கத்தில் எழுதிவைத்திருந்ததைப் பள்ளிப் பிள்ளை மாதிரி வாசித்தாள்.

"எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு."

"மாடியா, கீழ் வீடா?"

"மாடி."

"கைக்குழந்தை..." என்று வாசித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இருக்கு. பதினேழு வயசு," என்றேன்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கடைசியில் அழுதுகொண்டிருந்தது நான். பதினோரு வருஷமாக நான் கேட்ட கேள்விகள் கேட்கப்படுகிறவளின் காதில் எப்படி விழும் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலை பல்கலைக்கழகத் தோட்டக்காரரின் தள்ளுவண்டியில் கட்டில் வந்தது. கூடவே கணிதமும், ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு செயலாளரும். அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அடுத்த மாசம் பொதுக்குழுவுல விதி நாலை மாத்தணும்னு பேசப் போறாங்களாம். நேத்தே பத்துப் பேரு கையெழுத்துப் போட்டுட்டாங்க," என்றார் மூச்சு விடாமல். "நான் எதிர்த்துத்தான் பேசுவேன், இப்பவே சொல்லிட்டேன். நினைச்சா மாத்தறதுக்குப் பேரு விதியா?"

"பேசுங்கக்கா."

"பேசத்தான் போறேன். நீ மேல போ. கனமான பக்கம் எங்கிட்ட இருக்கட்டும்."

படிக்கட்டு குறுகல், பாதியில் ஒரு திருப்பம். நானும் மகளும் மேலே, அவர்கள் இரண்டு பேரும் கீழே. இரும்புக் கட்டில் ஒன்பது படிவரை நல்ல பிள்ளையாக வந்தது. திருப்பத்தில் ஒரு கால் கைப்பிடிக்குள் மாட்டிக்கொண்டு, தலைப்பக்கம் சுவரில் இடித்து, அசைய மறுத்துவிட்டது.

"கோணத்தை மாத்தணும்," என்றாள் கணிதம்.

"கோணம்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் செயலாளர்.

தூக்கினோம், இறக்கினோம், சாய்த்தோம். சலவைக் கடைக்காரர் கீழே வந்து அண்ணாந்து பார்த்து, "வலப்பக்கமா திருப்புங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது சிக்கிக்கொண்டே போனது. எங்களால் கீழே இறங்க முடியாது, அவர்களால் மேலே ஏற முடியாது. எனக்கு உள்ளூர ஒரு பயம் தட்டியது. இந்த வீட்டுக்குள் ஒரு கட்டிலைக் கொண்டுபோகக்கூட எனக்குத் தெரியவில்லையே, மற்றதை எல்லாம் எப்படிச் சமாளிக்கப் போகிறேன்?

"கொஞ்சம் உக்காருவோம்," என்று செயலாளர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. பதினோரு வருஷத்தில் அவர் தலைமுடி கலைந்து நான் பார்த்ததே இல்லை. "குடிக்கத் தண்ணி இருக்கா?"

மகள் உள்ளே ஓடினாள். பூட்டிக் கிடந்த வீடு, குழாய் முதலில் இருமியது. பிறகு விட்டுவிட்டுக் கொட்டுகிற சத்தம். "இரும்மா, பழுப்பா வருது, தெளியட்டும்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. காத்திருந்தோம். கணிதம் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு கட்டிலின் நீளத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள். சத்தம் மெல்லச் சீராகி, ஒரே ஒழுக்காக விழத் தொடங்கியது. ஒரு கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீரோடு மகள் வந்தாள்.

நான் படியில் மண்டியிட்டு, கட்டில் கம்பிகளுக்கு நடுவே தம்ளரை நுழைத்தேன். வழியில் ஒரு கம்பியில் உரசிக் கொஞ்சம் சிந்தியது. அந்தப் பக்கம் செயலாளர் ரப்பர் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.